வேட்பாளருக்கு அனுபவம் வேண்டுமா? தொலைக்காட்சி விவாதம் பார்க்குமுன் கொழும்பு வாக்காளர் கேட்கும் கேள்விகள்

தேர்தல் நெருங்கினால் வெள்ளவத்தைக் கடைத்தெருவிலும் கொட்டாஞ்சேனைத் தோட்டங்களிலும் கேட்கிற வாக்குவாதம் ஒன்றுதான். "அந்த மனிசனுக்கு ஆண்டு பழக்கம் இருக்கு" என்பார் ஒருவர். "ஆண்டவர்கள் ஆண்டு கிழித்தது போதும், புதுசாக யாரும் வரட்டும்" என்பார் இன்னொருவர். வேட்பாளர்கள் ஒரே மேடையில் நின்று பேசும் தொலைக்காட்சி விவாதம் வருகிறது என்றால் இந்தச் சண்டை இன்னும் சூடாகும். இது தொடர்பாக அடிக்கடி காதில் விழும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தருகிறேன். எந்தக் கட்சிக்கும் வாக்குக் கேட்பது என் நோக்கமில்லை.

அனுபவமே இல்லாதவர் தேர்தலில் நிற்கச் சட்டத்தில் இடமிருக்கிறதா?

இருக்கிறது. வாக்காளராகத் தகுதி பெற்ற எவரும் பாராளுமன்றத்துக்குத் தெரிவு செய்யப்படலாம் என்கிறது அரசியலமைப்பின் 90ஆம் உறுப்புரை. யார் நிற்க முடியாது என்பதை 91ஆம் உறுப்புரை சொல்கிறது: குறிப்பிட்ட சில அரச பதவிகளில் இருப்பவர்கள், கடன் தீர்க்க முடியாதவரென நீதிமன்றம் தீர்த்தவர்கள், பாரதூரமான குற்றத்துக்காகச் சிறை சென்று ஏழு ஆண்டுகள் கழியாதவர்கள், இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் என அந்தப் பட்டியல் போகிறது. படிப்பைப் பற்றியோ அனுபவத்தைப் பற்றியோ அதில் ஒரு சொல்லும் இல்லை. அந்த முடிவைச் சட்டம் நம் கையில் விட்டிருக்கிறது.

அப்படியானால் அனுபவத்தைப் பார்க்கத் தேவையில்லையா?

கட்டாயம் பார்க்க வேண்டும். ஆனால் நாம் அதை ஆண்டுகளை எண்ணிப் பார்க்கிறோம். "முப்பது வருஷம் அரசியலில் இருக்கிறார்" என்றதும் தலையாட்டி விடுகிறோம். அந்த முப்பது வருஷத்தில் அவர் எடுத்த முடிவு எது, அதனால் யாருக்கு என்ன ஆனது என்று கேட்பதில்லை.

தொலைக்காட்சி விவாதங்களின் வரலாறே இந்தக் கேள்வியோடுதான் தொடங்குகிறது. 1960 செப்டெம்பர் 26ஆம் திகதி சிக்காகோவில் அமெரிக்க ஜனாதிபதி வேட்பாளர்களின் முதல் தொலைக்காட்சி விவாதம் நடந்தது. ரிச்சர்ட் நிக்சன் எட்டு ஆண்டுகளாகத் துணை ஜனாதிபதி. அவரது பிரசாரம் முழுவதும் அனுபவத்தின் மீதுதான் நின்றது. எதிரே நின்ற ஜோன் கென்னடிக்கு 43 வயது. அந்த மேடையில் சான்டர் வனோக்கர் என்ற செய்தியாளர் நிக்சனிடம் ஒரு பழைய சம்பவத்தை எடுத்துப் போட்டார். ஒரு மாதத்துக்கு முன்பு, அன்றைய ஜனாதிபதி ஐசன்ஹோவரிடம், "உங்கள் அரசு ஏற்றுக்கொண்ட முக்கிய யோசனை ஏதாவது நிக்சன் தந்தது உண்டா?" என்று கேட்டிருந்தார்கள். "ஒரு வாரம் தந்தால் ஒன்று நினைவுக்கு வரலாம்" என்பது ஐசன்ஹோவரின் பதில். அதை முன்னால் வைத்தபோது, ஜனாதிபதி விளையாட்டாகச் சொல்லியிருப்பார் என்று நிக்சன் சமாளிக்க வேண்டியதாயிற்று. கென்னடி இன்னொன்றையும் நினைவூட்டினார்: இருவருமே 1946இல்தான் காங்கிரஸுக்குத் தெரிவானவர்கள். அரசியலில் இருந்த காலம் இருவருக்கும் ஒன்று.

அன்று வனோக்கர் பதவிக் காலத்தை விட்டுவிட்டு, அந்தப் பதவியில் இருந்து செய்தது என்ன என்று கேட்டார். நமது விவாத மேடைகளில் நடுவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

கதையை இங்கே நிறுத்தினால் கென்னடிக்குச் சாதகமாகிவிடும், ஆகவே மீதியையும் சொல்கிறேன். பதவியேற்று மூன்று மாதத்தில், 1961 ஏப்ரலில், கியூபாவின் பன்றிகள் வளைகுடாவில் அவர் அனுமதித்த படையெடுப்பு படுதோல்வியில் முடிந்தது. அதிகாரிகள் சொன்னதை அப்படியே நம்பிவிட்டார். அடுத்த ஆண்டு சோவியத் ஏவுகணை நெருக்கடி வந்தபோது, எதிர்க் கருத்துகளை மேசைக்கு வரவழைத்துக் கேட்டு, நிதானமாக முடிவெடுத்தார். புதியவர் பதவியில் இருந்துகொண்டு படிப்பதற்கு ஒரு விலை உண்டு, அதை மக்கள்தான் கொடுக்கிறார்கள் என்பதையும் மறக்கக்கூடாது.

பழம் தின்று கொட்டை போட்டவர்கள் ஆண்டபோது தமிழருக்கு என்ன கிடைத்தது?

மிக நியாயமான கேள்வி. அனுபவம் என்ற வாதத்தைத் தமிழர்கள் சந்தேகத்தோடு பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது.

டி.எஸ். சேனநாயக்க பிரதமரானபோது அவரளவு அனுபவம் உள்ளவர் நாட்டில் அதிகம் பேர் இல்லை. 1924இலிருந்து சட்டசபை உறுப்பினர், 1931 முதல் பதினைந்து ஆண்டுகள் விவசாய, காணி அமைச்சர். அவருடைய அரசுதான் 1948இல் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்து மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1947 தேர்தலில் ஏழு உறுப்பினர்களைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய, மலையகத் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ், 1952இல் ஒருவரைக்கூட அனுப்ப முடியவில்லை. இது அனுபவக் குறைவால் நடந்த தவறு அல்ல. தெரிந்து, திட்டமிட்டுச் செய்தார்கள்.

மறுபக்கம் சிறிமாவோ பண்டாரநாயக்க. கணவர் 1959 செப்டெம்பரில் கொல்லப்பட்ட பிறகு அரசியலுக்கு வந்து, 1960 ஜூலையில் உலகின் முதல் பெண் பிரதமரானவர். அதற்கு முன் எந்தத் தேர்தலிலும் வென்றவரல்ல. செனட் சபை வழியாக வந்தார். அவருடைய ஆட்சியிலேயே 1961 ஜனவரி 1 முதல் சிங்களம் மட்டும் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியுடன் செய்த ஒப்பந்தத்தில் மலையகத் தமிழரில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்றும் 300,000 பேருக்கு இங்கே குடியுரிமை கொடுப்பதென்றும் அந்த மக்களைக் கேட்காமலே தீர்மானித்தார்கள்.

அனுபவசாலியும் புதியவரும் ஒரே திசையில் போயிருக்கிறார்கள். ஆகவே அனுபவத்தை எடைபோடுமுன், அந்த ஆளின் கொள்கை எந்தப் பக்கம் நிற்கிறது என்று பாருங்கள். தவறான இடத்துக்குப் போகிற பஸ்ஸில் சாரதி எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தால் நமக்கென்ன?

2022இல் நாடு பொருளாதாரத்தில் விழுந்ததற்கு கோட்டாபய ராஜபக்ஷவின் அனுபவமின்மைதான் காரணமா?

அப்படிச் சொல்பவர்கள் பலர். பாதி உண்மை. 2019 நவம்பரில் 52.25 வீத வாக்குகளோடு அவர் ஜனாதிபதியானபோது, அதுவரை ஒரு பிரதேச சபைக்குக்கூடத் தெரிவாகியிருக்கவில்லை. ஆனால் 2005 முதல் 2015 வரை பாதுகாப்புச் செயலாளராக இருந்தார். ஒரு துறையில் கட்டளை போட்டுப் பழகிய அனுபவம் நிறையவே இருந்தது. பாராளுமன்றத்தில் கேள்விக்குப் பதில் சொல்லியோ, தொகுதி மக்களின் ஏச்சைக் கேட்டோ பழகிய அனுபவம் இல்லை.

2019 முடிவில் வற் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதத்துக்கு இறக்கினார்கள். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தார்கள். விவசாயத்துறை நிபுணர்கள் எச்சரித்தார்கள். விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். நவம்பரில் தடையைக் கைவிட வேண்டியிருந்தது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நாடு நிறுத்தியது. ஜூலை 14இல் அவர் பதவி விலகினார்.

இப்போது மற்றப் பாதியைப் பாருங்கள். இந்த முடிவுகள் எடுக்கப்பட்டபோது பிரதமராக இருந்தவர் மஹிந்த ராஜபக்ஷ. 1970இல் முதன்முதலாகப் பாராளுமன்றம் போனவர், இரண்டு தடவை ஜனாதிபதியாக இருந்தவர். அமைச்சரவையிலும் பழையவர்கள் நிரம்பி இருந்தார்கள். அனுபவத்துக்கு அங்கே பஞ்சமே இல்லை. அந்த அனுபவம் ஏன் வாய் திறக்கவில்லை என்பதுதான் என் கேள்வி. "உங்கள் தலைவர் தவறு செய்தபோது நீங்கள் எதிர்த்து வாக்களித்த ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள்" என்று ஒவ்வொரு அனுபவசாலியிடமும் கேட்க வேண்டும்.

கொழும்பு மாநகர சபைக்குப் புதியவர்கள் வந்தபோது என்ன நடந்தது?

2006ஐ எடுத்துக்கொள்வோம். கொழும்பு மாநகர சபையைப் பல காலம் தன் கோட்டையாக வைத்திருந்த ஐக்கிய தேசியக் கட்சியின் வேட்புமனு, அதிலிருந்த குறைபாட்டால் நிராகரிக்கப்பட்டது. பழுத்த கட்சி ஒன்று படிவத்தில் கோட்டை விட்டது. வேறு வழியில்லாமல் மூக்குக்கண்ணாடிச் சின்னத்தில் நின்ற ஒரு சுயேச்சைக் குழுவுக்குக் கட்சி ஆதரவு கொடுத்தது. குழு வென்றது. ஆட்டோ ஓட்டுநரான உவைஸ் மொஹமட் இம்தியாஸ் கொழும்பின் மேயரானார். வென்றவர்கள் விலகி, கட்சி சொல்பவர்களுக்கு இடம் விடுவார்கள் என்ற எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. இழுபறியிலேயே காலம் போய், 2010இல் நிர்வாகம் விசேட ஆணையாளர் ஒருவரிடம் போனது.

"ஆட்டோக்காரனை மேயராக்கினால் இப்படித்தான்" என்று அப்போது சொன்னவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பேச்சில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. ஆட்டோ ஓட்டுகிறவருக்கு இந்த நகரத்தின் ஒழுங்கைகள் எல்லாமே தெரியும், எந்தச் சந்தியில் மழைக்குத் தண்ணீர் நிற்கும் என்று தெரியும். வாக்களித்தவர்கள் அந்த வேட்பாளர்களை ஒரு கேள்வியும் கேட்டுப் பார்க்கவில்லை. பின்னால் நின்ற கட்சியைப் பார்த்துக் கண்ணாடிக்குப் புள்ளடி போட்டார்கள். பிழை அங்கேதான் நடந்தது.

நல்ல உதாரணங்களும் நம்மிடமே இருக்கின்றன. 1932இல் கொழும்பு வடக்கிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவான நேசம் சரவணமுத்து, அந்தச் சபைக்குள் நுழைந்த இரண்டாவது பெண். அவருடைய கணவர் ரத்னஜோதி சரவணமுத்து 1937இல் கொழும்பின் தெரிவு செய்யப்பட்ட முதல் மேயரானார். ரணசிங்க பிரேமதாச 1950இல் மாநகர சபை உறுப்பினராகத் தொடங்கி 1989இல் ஜனாதிபதியானவர். அவரது ஆட்சியைப் பற்றி ஆயிரம் விமர்சனம் இருக்கலாம், ஆனால் வட்டாரத்திலிருந்து படிப்படியாக ஏறி வந்தார் என்பதை மறுக்க முடியாது.

2025 மே 6 தேர்தலில் மாநகர சபையில் எவருக்கும் தனிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. ஜூன் 16இல் உறுப்பினர்கள் இரகசியமாக வாக்களித்து, 61க்கு 54 என்ற கணக்கில் தேசிய மக்கள் சக்தியின் விராய் கெலீ பல்தசாரை மேயராக்கினார்கள். மேயரை நேரே நாம் தெரிவு செய்வதில்லை என்பதைக் கவனியுங்கள். மேயர் வேட்பாளர் விவாதத்தில் எவ்வளவு நன்றாகப் பேசினாலும், உங்கள் வட்டாரத்தில் நிற்பவர் யார் என்பதையும் பார்த்தாக வேண்டும்.

புதியவர் வந்தால் வேலை பழகவே காலம் போய்விடாதா?

கொஞ்சம் போகும். எவ்வளவு என்பது வேலையைப் பொறுத்தது.

மட்டக்குளியில் ஒரு ஒழுங்கையில் மழைக்குத் தண்ணீர் ஏறுகிறது என்று வையுங்கள். ஒழுங்கைக் கான் மாநகர சபையுடையது. அது போய்ச் சேரும் பிரதான வீதியின் கான் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பில் இருக்கலாம். அதற்கும் அப்பால் உள்ள கால்வாய் இலங்கை காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்திடம். குடிநீர்க் குழாய் உடைந்தால் நீர்வழங்கல் சபை. மூன்று நான்கு இடத்துக்கு அலைந்து களைத்த மக்கள் கடைசியில் உறுப்பினரின் வாசலுக்கு வருவார்கள். பழைய உறுப்பினருக்கு எந்த அலுவலகத்தில் எந்தப் பொறியியலாளரைப் பிடிக்க வேண்டும் என்று தெரியும். அது பெரிய பலம். ஆனால் அக்கறையுள்ள புதியவர் சில மாதங்களில் அதைப் பிடித்துக்கொள்வார். ஆணையாளர், பொறியியலாளர்கள், எழுதுவினைஞர்கள் எல்லோரும் அங்கேதான் இருக்கிறார்கள்.

ஒரு கானுக்குப் பணம் ஒதுக்கினால் இன்னொரு கானுக்கு இல்லை என்ற நிலையில் எதைத் தெரிவு செய்வது, தனக்கு வாக்களிக்காத தோட்டத்துக்கும் பணம் ஒதுக்குவதா, கொந்தராத்துக்காரர் உறவினராக இருந்தால் என்ன செய்வது என்பதையெல்லாம் யாரும் சொல்லிக் கொடுக்க முடியாது. பழையவரானால் அவர் முன்பு எப்படி நடந்தார் என்று பார்க்கலாம். புதியவரானால், அவர் இதுவரை நடத்திய பாடசாலையிலோ, தொழிற்சங்கத்திலோ, மரண உதவிச் சங்கத்திலோ எப்படி நடந்தார் என்று அங்குள்ளவர்களைக் கேட்கலாம்.

பழக்கம் மட்டும் போதாது என்பதற்கு மீதொட்டமுல்லையைவிடக் கொடுமையான சாட்சி எனக்குத் தெரியாது. கொழும்பின் குப்பையை ஆண்டாண்டாக அங்கே கொட்டினார்கள். சுற்றியிருந்த மக்கள் முறையிட்டுக்கொண்டே இருந்தார்கள். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளன்று, அந்த மலை சரிந்து வீடுகள் மேல் விழுந்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அத்தனை ஆண்டும் பதவியில் இருந்தவர்கள் எல்லோரும் அனுபவசாலிகள்.

பட்டம், வியாபாரம், இராணுவ சேவை எல்லாம் அனுபவக் கணக்கில் வருமா?

வரும், ஆனால் சரிபார்த்த பிறகு. 2024 டிசெம்பரில் கலாநிதிப் பட்டத்துக்கான சான்றைக் காட்ட முடியாமல் ஒரு சபாநாயகர் பதவி விலகியதை நாடே பார்த்தது. கம்பனி நடத்தியவருக்குக் கணக்குத் தெரியும். ஆனால் பிடிக்காத ஊழியரை நீக்குவதுபோல் பிடிக்காத குடிமகனை நீக்க முடியாது.

அனுபவம் கேட்டால் பெண்களும் இளைஞர்களும் எப்போது உள்ளே வருவது?

இந்த வாதத்தின் மிகப் பெரிய அநியாயம் இதுதான். கதவைப் பூட்டி வைத்துக்கொண்டு "நீ உள்ளே இருந்து பழகவில்லையே" என்கிறார்கள். உள்ளூராட்சி சபைகளில் பெண்கள் நீண்ட காலம் 2 வீதத்தைக்கூடத் தொடவில்லை. 25 வீத ஒதுக்கீடு சட்டமாகி 2018 தேர்தலில் நடைமுறைக்கு வந்த பிறகே அந்த எண்ணிக்கை 20 வீதத்தைத் தாண்டியது. தகுதியான பெண்கள் ஒரே இரவில் பிறந்துவிடவில்லை. சனசமூக நிலையத்திலும் கோயில் சபையிலும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திலும் கணக்கெழுதியவர்கள், கூட்டம் நடத்தியவர்கள், அதிகாரியிடம் போய்ச் சண்டை பிடித்தவர்கள். அதை அனுபவம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. விவாதத்தில் ஒரு பெண் வேட்பாளரிடம் மட்டும் "உங்களுக்கு அனுபவம் போதுமா?" என்று கேட்கப்பட்டால், பக்கத்தில் நிற்கும் ஆணிடமும் அதே கேள்வி கேட்கப்படுகிறதா என்று கவனியுங்கள்.

விவாதத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

பேச்சு வல்லமையைக் கவனிக்க வேண்டாம். மேடைப் பேச்சு நம் ஊரில் மலிவு.

பழையவர் பேசும்போது, "எங்கள் காலத்தில்" என்று தொடங்கும் வசனம் எங்கே முடிகிறது என்று பாருங்கள். எந்த ஆண்டு, எந்தத் திட்டம், எவ்வளவு பணம், எங்கே சறுக்கியது என்று போனால் நல்லது. வெறும் பெருமையில் முடிந்தால் அவரிடம் பழக்கம் இருக்கிறது, கணக்கு இல்லை. புதியவர் பேசும்போது, "முறைமையை மாற்றுவோம்" என்பதற்குப் பிறகு முதல் நூறு நாளில் எந்தச் சட்டம், எந்த அமைச்சு, பணம் எங்கிருந்து என்று சொல்கிறாரா பாருங்கள். எல்லாவற்றுக்கும் "குழு அமைப்போம்" என்று சொல்பவர் இன்னும் யோசிக்கத் தொடங்கவில்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

தெரியாத ஒன்றைக் கேட்டபோது "எனக்குத் தெரியாது, இன்னாரைக் கேட்டு முடிவெடுப்பேன்" என்று ஒருவர் நேர்மையாகச் சொன்னால், அவருக்கு என்னிடம் கூடுதல் புள்ளி உண்டு. தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டியவர்கள் நமக்குப் பசளைத் தடையைத் தந்தார்கள்.

விவாதம் சிங்களத்தில்தானே நடக்கும்? தமிழர் எப்படிப் பின்தொடர்வது?

பெரும்பாலும் அப்படித்தான். உடனடி மொழிபெயர்ப்பில் முதலில் தொலைவது தொகைகளும் திகதிகளும். நமக்கு வேண்டியதும் அவைதான். முடிந்தால் சிங்களம் நன்கு தெரிந்த ஒருவரோடு சேர்ந்து பாருங்கள். மறுநாள் தமிழ்ப் பத்திரிகையில் வரும் செய்தியோடு ஒப்பிடுங்கள். ஒரே வேட்பாளர் தமிழ்த் தொலைக்காட்சியில் அதிகாரப் பகிர்வு பற்றிச் சொன்னதும் சிங்கள மேடையில் சொன்னதும் ஒன்றுதானா என்று பார்ப்பது மிக அவசியம். இரண்டு மொழியில் இரண்டு கதை சொல்லும் திறமை, நம் நாட்டில் அனுபவத்தோடு சேர்ந்தே வளர்கிறது.

விவாதத்துக்கே வராதவரை என்ன செய்வது?

2019 ஒக்டோபரில், நல்ல வேட்பாளர்களுக்காகக் குரல் கொடுக்கும் சிவில் அமைப்புகளின் கூட்டான மார்ச் 12 இயக்கம் சுகததாச உள்ளரங்கில் நடத்திய ஜனாதிபதி வேட்பாளர் விவாதத்துக்கு கோட்டாபய வரவில்லை. அதனால் வாக்கு ஒன்றும் குறையவில்லை. 2024இலும் முக்கிய இரு தலைவர்கள் நேருக்கு நேர் மோதும் விவாதம் திகதிச் சண்டையிலேயே காணாமல் போனது. வராவிட்டால் நட்டமில்லை என்று தெரிந்தால் யார்தான் வருவார்கள்? அந்த நட்டத்தை வாக்காளர்தான் உண்டாக்க வேண்டும். உங்கள் வீட்டுக்கு வாக்குக் கேட்டு வருகிற அந்தக் கட்சிக்காரரிடம் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்.

பழையவர்களின் பதிவை எங்கே தேடுவது?

பாராளுமன்றப் பேச்சுகள் ஹன்சாட்டில் இருக்கின்றன, இணையத்தில் எடுக்கலாம். அரச நிறுவனங்களையும் அரச கணக்குகளையும் ஆராயும் கோப், கோபா என்ற பாராளுமன்றக் குழுக்களின் அறிக்கைகளில் அரச நிறுவனங்களின் கணக்குகள் சந்தி சிரித்திருப்பதைக் காணலாம். வெரிட்டே ரிசர்ச் நிறுவனத்தின் மந்திரி.எல்கே தளம் உறுப்பினர்களின் பாராளுமன்றப் பங்களிப்பைத் தரப்படுத்துகிறது. மாநகர சபை உறுப்பினரானால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நகர மண்டபத்துக்கு விண்ணப்பியுங்கள். தமிழிலேயே எழுதலாம்; தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானிக்க வேண்டும். கூட்ட வரவு, கொண்டுவந்த பிரேரணைகள், வட்டாரத்துக்குச் செலவான பணம் எல்லாம் கேட்கலாம். விவாதத்துக்கு முந்திய நாள் நினைத்தால் காலம் போதாது, இப்போதே எழுதுங்கள்.

நான் கட்சியை ஏற்கெனவே முடிவு செய்துவிட்டேன். விவாதத்தைப் பார்த்து என்ன பயன்?

பாராளுமன்றத் தேர்தலில் கட்சிக்குப் புள்ளடி போட்ட பிறகு அதே பட்டியலில் மூன்று பேருக்கு விருப்பு வாக்கு இருக்கிறது. உங்கள் கட்சிக்குள்ளேயே பழையவரும் புதியவரும் நிற்பார்கள். அவர்களில் யார் உள்ளே போவது என்பது அந்த மூன்று இலக்கங்களில் இருக்கிறது. ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று மூன்று பேர் வரை தெரிவு செய்யலாம். 2024 செப்டெம்பரில் முதல் சுற்றில் அநுர குமார திசாநாயக்கவுக்கு 42.31 வீதமே கிடைத்ததால், நம் வரலாற்றில் முதல் தடவையாக இரண்டாம், மூன்றாம் விருப்புகளை எண்ண வேண்டி வந்தது. அந்தக் கட்டங்களை வெறுமையாக விட்டுவராதீர்கள். முதல் விருப்பு முடிவாகிவிட்டதென்றால், விவாதத்தில் மற்றவர்களைக் கவனித்து இரண்டாவதைத் தீர்மானியுங்கள்.